உயிர்கள் ஒத்துப்போகும் மொழி



வழக்கமாக இந்தப் பக்கத்தில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் படிப்பு என்று எழுதி வருகிறேன். இந்த மாதம் ஒரு மொழிப் பாடம். அதுவும் எங்களில் பலர் காதில் விழுந்திராத பின்னிஷ் மொழிப் பாடம். அது பின்லாந்து நாட்டின் மொழி.

யுத்தக் காலத்தில் எமது மக்கள் கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே என்று பல நாடுகளுக்குப் போனார்கள். பின்லாந்துக்குப் போனவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் அங்கேயும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. கணவரோடு சேர்வதற்கும், படிப்புக்கும், வேலைக்கும் அங்கே போக ஆயத்தமாகும் பெண்களும் உண்டு. புது மொழி என்றதும் எங்கள் பெண்கள் சொல்வது அநேகமாக ஒன்றுதான். “எட்டாம் வகுப்போடை படிப்பு நிண்டுபோச்சு. ஷெல்லடியிலை பள்ளிக்கூடமே மூடிப்போட்டாங்கள். இனி எனக்கு எங்கை பாஷை ஏறப்போகுது?”

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பின்னிஷ் படிக்கத் தொடங்குபவர்களை முதல் வாரத்திலேயே மிரட்டுகிற விதி ஒன்று இருக்கிறது. அதற்கு உயிரிசைவு என்று பெயர் சொல்லலாம். ஒரே உருபு ஒரு சொல்லில் ஒரு விதமாகவும் இன்னொரு சொல்லில் வேறு விதமாகவும் வரும். ஐரோப்பியர் பலரும் இதைக் கண்டு திகைப்பார்கள். ஆனால் இதற்கு நெருங்கிய ஒரு வேலையைத் தமிழ் பேசும் நாக்கு நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது.

உருபு ஒட்டும் மொழி

பின்னிஷ் பேசுபவர்கள் சுமார் 50 இலட்சம் பேர். அவர்கள் தங்கள் நாட்டையும் மொழியையும் ‘ஸுஒமி’ என்பார்கள். பக்கத்து நாடுகளின் சுவீடிஷ், ரஷ்ய மொழிகளுக்கும் இதற்கும் உறவில்லை. எஸ்தோனிய மொழி இதன் நெருங்கிய சொந்தம். ஹங்கேரிய மொழி தூரத்துச் சொந்தம்.

எங்களுக்கும் அந்த மொழிக்கும் இரத்த உறவு கிடையாது. ஆனால் பழக்கத்தில் ஒற்றுமை உண்டு. நாங்கள் ‘வீடு’ என்ற சொல்லோடு ‘இல்’ சேர்த்து ‘வீட்டில்’ என்கிறோம். அவர்களும் அப்படியே சொல்லின் பின்னால் உருபை ஒட்டுகிறார்கள். எங்கள் இலக்கணத்தில் வேற்றுமை எட்டு, அவர்களுடையதில் பதினைந்து. குறிலும் நெடிலும் எங்களுக்குப் போலவே அவர்களுக்கும் பொருளை மாற்றும். ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் அப்படித்தான். ‘துலி’ என்றால் நெருப்பு, ‘தூலி’ என்றால் காற்று, ‘துல்லி’ என்றால் சுங்கம். ‘படு’, ‘பாடு’, ‘பட்டு’ என்று பிரித்துச் சொல்லிப் பழகிய எங்களுக்கு இது பெரிய காரியமல்ல.

எட்டு உயிர்கள்

பின்னிஷில் உயிரெழுத்துகள் எட்டு. அவற்றில் ஐந்து எங்களுக்குத் தெரிந்தவை: அ, ஒ, உ, எ, இ. மற்ற மூன்றும் புதியவை. அந்த மூன்றையும் எழுதத் தமிழில் எழுத்து இல்லாததால், பக்கத்தில் ஒரு சிறு வட்டம் போட்டு அ°, ஒ°, உ° என்று எழுதுகிறேன். இந்த வட்டம் எங்கள் வசதிக்கு மட்டும். அவர்கள் முதல் இரண்டுக்கும் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைப்பார்கள், மூன்றாவதற்குத் தனி எழுத்து வைத்திருக்கிறார்கள்.

அ°: சிங்களத்தில் ‘முடியாது’, ‘இல்லை’ என்று சொல்லும்போது வாயை அகலத் திறந்து ‘பே’, ‘நே’ என்பதுபோல ஓர் ஒலி வருமே, அந்த ஒலிதான். அது ஏயும் அல்ல, ஆவும் அல்ல. சந்தையிலும் பஸ்ஸிலும் இதை எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள்.

ஒ°: ‘எ’ என்று சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஒ’ சொல்வதுபோலக் குவியுங்கள்.

உ°: ‘இ’ என்று சொல்லுங்கள். நாக்கை அங்கேயே வைத்துக்கொண்டு உதட்டை ‘உ’ சொல்வதுபோலக் குவியுங்கள்.

ஒரு கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பு வரும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். பரவாயில்லை, சிரித்துக்கொண்டே பழகலாம்.

இந்த வட்டம் முக்கியம், ஏனென்றால் அது பொருளை மாற்றிவிடும். ‘ஸாரி’ என்றால் பின்னிஷில் தீவு. நாங்கள் உடுக்கும் சாறி மாதிரியே காதில் விழும். ‘ஸா°ரி’ என்றால் முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால்.

விதி இவ்வளவுதான்

அ, ஒ, உ சொல்லும்போது நாக்கு வாயின் பின்பக்கம் போகும். அ°, ஒ°, உ° சொல்லும்போது நாக்கு முன்பக்கம் நிற்கும். முன் உயிரும் பின் உயிரும் ஒரே சொல்லில் கலப்பதில்லை. எ, இ இரண்டும் நடுநிலை. அவை யாரோடும் சேரும்.

உருபு ஒட்டும்போது அந்தச் சொல்லைப் பாருங்கள். அதில் அ, ஒ, உ ஏதாவது இருந்தால் உருபிலும் வட்டமில்லை. ஒன்றுகூட இல்லாவிட்டால் உருபில் வட்டம் வரும்.

‘இல்’ என்ற பொருளில் வரும் உருபு ‘ஸ்ஸ’ அல்லது ‘ஸ்ஸ°’.

‘தலொ’ என்றால் வீடு. ‘தலொஸ்ஸ’, வீட்டில்.
‘கொஉலு’ என்றால் பாடசாலை. ‘கொஉலுஸ்ஸ’, பாடசாலையில்.
‘கு°ல°’ என்றால் கிராமம். ‘கு°ல°ஸ்ஸ°’, கிராமத்தில்.
‘மெத்ஸ°’ என்றால் காடு. ‘மெத்ஸ°ஸ்ஸ°’, காட்டில்.

எ, இ மட்டுமே உள்ள சொற்கள் வட்டத்தோடு போகும். தலைநகர் ஹெல்சிங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் எயும் இயும்தான் இருக்கின்றன. அதனால் ‘ஹெல்சிங்கியில்’ என்பது ‘ஹெல்ஸிங்கிஸ்ஸ°’. ஆனால் ‘பின்லாந்தில்’ என்பது ‘ஸுஒமெஸ்ஸ’, ஏனென்றால் அந்தச் சொல்லில் உயும் ஒயும் உண்டு. ‘மெரி’ என்றால் கடல், ‘மெரெஸ்ஸ°’ என்றால் கடலில். இந்தச் சொல் ஓர் உருபோடு மட்டும் ‘மெர்த’ என்று வட்டமில்லாமல் வரும். அதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மற்ற உருபுகளும் இதே மாதிரி இரட்டைப் பிள்ளைகள்தான். ‘இலிருந்து’ என்பதற்கு ‘ஸ்த’, ‘ஸ்த°’. ‘இடம்’ என்பதற்கு ‘ல்ல’, ‘ல்ல°’. ஆனால் ‘லெ’ என்றொரு உருபு இருக்கிறது, ‘க்கு’ என்ற பொருளில் வரும். அதில் உள்ள எ நடுநிலை என்பதால் அது எங்கும் மாறாது. ஆகவே பதினைந்து வேற்றுமையையும் இரண்டு இரண்டாக மனனம் செய்யத் தேவையில்லை. விதி ஒன்று தெரிந்தால் போதும்.

எங்கள் நாக்கு செய்யும் வேலை

இனி எங்கள் தமிழைப் பார்ப்போம். ‘தம்பி’ என்ற சொல்லோடு ‘ஐ’ சேருங்கள். தம்பியை. ‘அம்மா’ என்ற சொல்லோடு ‘ஐ’ சேருங்கள். அம்மாவை. தம்பிக்கு நடுவில் ‘ய்’ வந்தது, அம்மாவுக்கு நடுவில் ‘வ்’ வந்தது. தீயை, பனையை என்கிறோம். பூவை, நிலாவை என்கிறோம். ‘தம்பிவை’ என்றோ ‘அம்மாயை’ என்றோ மூன்று வயதுப் பிள்ளைகூடச் சொல்லாது.

பள்ளிக்கூடத்தில் இதற்கு உடம்படுமெய் என்று பெயர் சொல்லித் தந்தார்கள். இ, ஈ, ஐ முடிவில் வந்தால் ய். அ, ஆ, உ, ஊ, ஓ போன்றவை வந்தால் வ். ஏ வந்தால் இரண்டும் வரலாம். நாக்கு முன்னே நிற்கும் உயிருக்கு முன்னே நிற்கும் ‘ய்’ துணை போகிறது. மற்ற உயிர்களுக்கு ‘வ்’ துணை போகிறது.

இதுவும் பின்னிஷ் விதியும் ஒன்றேதான் என்று நான் சொல்லவில்லை. எங்களில் மாறுவது நடுவில் ஒட்டுகிற மெய். அவர்களில் மாறுவது உருபுக்குள் இருக்கிற உயிர். ஆனால் சொல்லின் உயிரைப் பார்த்து, நாக்கு எங்கே நிற்கிறது என்று அறிந்து, அதற்கு ஏற்றபடி பின்னால் வருவதை மாற்றும் பழக்கம் இரண்டிலும் உண்டு. எட்டாம் வகுப்போடு நின்றவரும், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவரும் இதைத் தமிழில் ஒரு நாளும் பிழையாகச் செய்வதில்லை. அப்படிப்பட்ட காதும் நாக்கும் உங்களிடம் இருக்கும்போது “எனக்குப் பாஷை ஏறாது” என்று சொல்வது சரியல்ல.

பெரிய அம்மா யார்?

‘அ°இதி’ என்றால் அம்மா. ‘இஸொ’ என்றால் பெரிய. இரண்டையும் சேர்த்து ‘இஸொஅ°இதி’ என்கிறார்கள். எங்களுக்குப் பெரியம்மா என்றால் அம்மாவின் தமக்கை. அவர்களுக்குப் பெரிய அம்மா என்பது பாட்டி.

இந்தச் சொல்லில் ஒவும் அ°வும் கலந்திருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். இது இரண்டு சொல் சேர்ந்த கூட்டுச்சொல். கூட்டுச்சொல்லில் கடைசிச் சொல்தான் உருபைத் தீர்மானிக்கும். கடைசியில் ‘அ°இதி’ நிற்பதால் வட்டத்தோடு ‘இஸொஅ°இதில்ல°’, பாட்டியிடம்.

வேறு நாட்டிலிருந்து வந்த சில சொற்களிலும் உயிர்கள் கலந்து வரும். அங்கே பின்லாந்துக்காரர்களே சில சமயம் தடுமாறுவார்கள். நீங்கள் தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம்.

அவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான்

பின்னிஷ் சொற்களைத் தேடும்போது ‘எவக்கொ’ என்ற சொல் என்னை நிறுத்தியது. இடம்பெயர்ந்தவர் என்று பொருள். 1939 முதல் 1940 வரையும், பிறகு 1941 முதல் 1944 வரையும் பின்லாந்து சோவியத் ஒன்றியத்துடன் யுத்தம் செய்தது. அதன் விளைவாகக் கரேலியா என்ற பகுதியின் பெரும் பாகத்தை இழந்தது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். 1945ஆம் ஆண்டில் காணி வழங்கும் சட்டம் ஒன்று கொண்டுவந்து அவர்களுக்கு நாட்டின் மற்றப் பகுதிகளில் காணி கொடுத்தார்கள். அந்த யுத்தங்களில் கணவரை இழந்த பெண்கள் சுமார் 30,000 பேர்.

‘எவக்கொ’ என்ற சொல்லோடு ‘ஸ்ஸ’ சேர்த்து ‘எவகொஸ்ஸ’ என்கிறார்கள். இடம்பெயர்ந்து இருக்கும் நிலையில் என்று பொருள். நடுவில் இரட்டை மெய் ஒற்றையாக இளகியிருப்பதைக் கவனியுங்கள். அது வேறொரு பாடம். உயிரை மட்டும் பாருங்கள். அயும் ஒவும் இருப்பதால் உருபில் வட்டமில்லை.

‘ஸொத’ என்றால் யுத்தம். ‘லெஸ்கி’ என்றால் கணவரை இழந்தவர். யுத்தத்தில் கணவரை இழந்த பெண்ணை ‘ஸொதலெஸ்கி’ என்பார்கள். இதுவும் கூட்டுச்சொல். முன்னால் ‘ஸொத’ நின்றாலும், கடைசியில் நிற்கும் ‘லெஸ்கி’யில் எயும் இயும் மட்டுமே உண்டு. ஆகவே ‘ஸொதலெஸ்கெல்ல°’, அந்தப் பெண்ணிடம்.

‘அற்ற’ என்று நாங்கள் சொல்வதற்கு அவர்களிடம் ‘தொன்’, ‘தொ°ன்’ என்று இரண்டு வடிவம். ‘கொதிதொன்’ என்றால் வீடற்ற. ‘து°ஒ°தொ°ன்’ என்றால் வேலையற்ற. ‘இஸ°தொ°ன்’ என்றால் தந்தையற்ற. இந்தச் சொற்களுக்கு விளக்கம் எழுத உங்களுக்குத் தேவையில்லை. அந்த மொழிக்கும் இந்தத் துயரம் தெரியும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அங்கே போகும் சகோதரி தன் கதையைச் சொல்ல வேண்டிவந்தால், அதற்கான சொற்கள் அந்த மொழியில் முன்னரே இருக்கின்றன.

பிள்ளையின் வாயால் பேசும் தாய்

இந்த விதியை ஏன் கற்க வேண்டும்? வெளிநாட்டுக்குப் போனதும் பிள்ளை பாடசாலைக்குப் போகும், கெதியாக மொழியைப் பிடித்துவிடும். தாய் வீட்டில் இருப்பார். பிறகு பாடசாலைக் கடிதம், வீட்டு வாடகைக் கடிதம், வைத்தியசாலைக் கடிதம் எல்லாம் பிள்ளையின் கைக்குப் போகும். எங்கள் ஊரிலேயே சிங்களத்தில் ஒரு படிவம் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூப்பிடும் தாய்மாரைப் பார்க்கிறேன். அந்நிய நாட்டில் இது இன்னும் பாரமாகும். பத்து வயது மகன் தாயின் மாதவிடாய்ப் பிரச்சினையை வைத்தியருக்கு எடுத்துச் சொல்ல நேர்ந்தால், அந்தத் தாய் பாதி விடயத்தை மறைத்துவிடுவார். பிள்ளையைக் கண்டிக்கும் அதிகாரமும் மெல்ல மெல்லத் தாயை விட்டுப் போகும். கணவர் அடிக்கிறவராக இருந்தால், அவரை விட்டால் பேச்சுத் துணை இல்லாத பெண் யாரிடம் போய்ச் சொல்வார்?

அதனால் முதல் நாளே கற்க வேண்டிய சொல் ஒன்று. ‘அபு’ என்றால் உதவி. அதோடு அ என்ற உருபு சேர்த்து ‘அபுஅ!’ என்றால் ‘உதவி செய்யுங்கள்!’. உ இருப்பதால் அ, வட்டமில்லை. அந்த நாட்டின் அவசரத் தொலைபேசி இலக்கம் 112. வைத்தியசாலையிலும் அலுவலகத்திலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.

இனி வீட்டுக்கு உதவும் ஒரு வசனம். ‘லப்ஸெல்ல ஒன் கூமெத்த’. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பிள்ளையிடம் இருக்கிறது காய்ச்சல்’. ‘என்னிடம் காசு இருக்கிறது’ என்று நாங்கள் சொல்லும் முறைதான். பிள்ளை என்பதற்குப் பதிலாகப் பெண்பிள்ளை என்றால் ‘து°தொ°ல்ல° ஒன் கூமெத்த’. ஆண்பிள்ளை என்றால் ‘பொயல்ல ஒன் கூமெத்த’. முதல் சொல் மட்டும் மாற, அதன் உருபும் கூடவே மாறுகிறது. அவன், அவள் என்ற இரண்டுக்கும் அவர்களிடம் ‘ஹ°ன்’ என்ற ஒரே சொல்தான். ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி கேட்பதும் இலகு. நாங்கள் “விளங்குதோ?”, “வருவியளோ?” என்று கடைசியில் ஓ சேர்க்கிறோம். அவர்கள் ‘கொ’ அல்லது ‘கொ°’ சேர்க்கிறார்கள். ‘புஹுத்கொ?’ என்றால் நீ பேசுவாயா? ‘உ°ம்ம°ர்ர°த்கொ°?’ என்றால் உனக்கு விளங்குதோ? எங்கள் ஓவும் அவர்கள் கொவும் ஒத்திருப்பது தற்செயல்தான். நினைவில் வைக்க உதவும் என்பதால் சொன்னேன்.

பிழை விட்டால் என்ன?

வட்டம் போட வேண்டிய உருபில் போடாவிட்டால், கேட்பவருக்கு அது வெளிநாட்டு நாக்கு என்று தெரியும். ஆனால் நீங்கள் சொல்ல வந்தது விளங்கும். ‘ஹெல்ஸிங்கிஸ்ஸ’ என்று சொன்னாலும் நீங்கள் ஹெல்சிங்கியில் இருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து எஸ்தோனியரின் பொது மொழியில் இந்த விதியே இல்லை. அவர்களும் பேசி வாழத்தான் செய்கிறார்கள். கவனம் தேவைப்படுவது சொல்லின் உள்ளே இருக்கும் உயிரில்தான். தீவும் கணைக்காலும் மாறிப்போவது அங்கேதான்.

குடியுரிமை கேட்பவர்கள் பின்னிஷிலோ சுவீடிஷிலோ தேர்ச்சி காட்ட வேண்டும். தேசிய மொழிப் பரீட்சையில் ஆறு நிலைகள் உண்டு. மூன்றாம் நிலை போதுமானது. வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என நான்கும் அந்தப் பரீட்சையில் இருக்கும். பேராசிரியர்போலப் பேசும்படி யாரும் கேட்பதில்லை.

வீட்டில் பழக ஒரு வழி. கொப்பியின் நடுவில் ஒரு கோடு கிழியுங்கள். இடப்பக்கம் அ, ஒ, உ உள்ள சொற்கள். வலப்பக்கம் மற்றவை. புதுச் சொல் ஒன்று கிடைத்ததும் முதலில் எந்தப் பக்கம் என்று தீர்மானித்து எழுதுங்கள். பிறகு வாய்விட்டு உருபோடு சொல்லுங்கள். சமைக்கும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் சொல்லலாம். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.

இன்றைக்கு ஐந்து சொல் தருகிறேன். ‘ஸ்ஸ’ வருமா, ‘ஸ்ஸ°’ வருமா என்று நீங்களே எழுதுங்கள்.

1. புஸ்ஸி (பஸ்)
2. ஹிஸ்ஸி (மின்தூக்கி)
3. ஸைரால (வைத்தியசாலை)
4. கெஇத்திஒ° (குசினி)
5. து°ஒ°பைக்க (வேலைத்தலம்; ‘து°ஒ°’ வேலை, ‘பைக்க’ இடம்)

விடைகள்: புஸ்ஸிஸ்ஸ, ஹிஸ்ஸிஸ்ஸ°, ஸைராலஸ்ஸ, கெஇத்திஒ°ஸ்ஸ°, து°ஒ°பைகஸ்ஸ.

ஐந்தாவதில் வட்டம் போட்டவர்கள் கூட்டுச்சொல்லின் கடைசிச் சொல்லை மறுபடி பாருங்கள். மற்ற நான்கும் சரியென்றால், முதல் பாடம் உங்களுக்கு ஏறிவிட்டது.